கெங்கிரேயாவைப் பயண நிரலிலிருந்து நீக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிரேக்க நாட்டுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் புனிதப் பயணமாக அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கும், அக்குழுக்களுடன் செல்லும் போதகர்களுக்கும்,

வரும் பருவத்துக்காக உங்களில் சிலர் அச்சிட்டுச் சபைகளில் விநியோகித்துவரும் பயண நிரலில், பண்டைய கொரிந்தின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயா இல்லை. பிலிப்பி இருக்கிறது, தெசலோனிக்கே, பெரோயா, ஏதென்ஸ், கொரிந்து எல்லாம் இருக்கின்றன. கொரிந்துக்குக் கீழே முன்பு ஒரு வரியாக இருந்த கெங்கிரேயாவை எடுத்துவிட்டு, அந்தப் பிற்பகலை ஏதென்ஸ் கடைவீதிக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு ஓர் ஏற்பாட்டாளரின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தண்ணீருக்குள் நாலு கல் கிடக்கிறது, பயணிகள் ஏமாற்றமடைகிறார்கள் என்பதே அதன் சாரம். பாளையங்கோட்டையில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் பேருந்து ஒன்றில் அந்தக் கரைக்கு வந்ததோடு, பின்னர் என் மகனோடு தனியே சென்று ஆற அமரப் பார்த்தவளும்கூட. இந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. பயணிகள் ஏமாற்றமடைந்தார்கள் என்பது உண்மைதான். அதற்கான காரணத்தை நீங்கள் உங்கள் பேருந்துக்குள்ளே தேட வேண்டும் என்பதே என் முறையீடு.

நாங்கள் குழுவாக வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கொரிந்துக் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, படம் எடுக்கவும் காப்பி குடிக்கவும் தாராளமாக நேரம் கொடுத்தீர்கள். 1893இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய் பார்க்கத் தகுந்ததுதான், மறுக்கவில்லை. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில், எப்பிதாரஸ் செல்லும் சாலையை ஒட்டியே கெங்கிரேயா வந்துவிடுகிறது. பேருந்து நின்றதும் வழிகாட்டி ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தை வாசித்தார். பவுல் ஒரு பொருத்தனையின் நிமித்தம் தலைமயிரை எடுத்துக்கொண்டு, பிரிஸ்கில்லாளோடும் ஆக்கில்லாவோடும் கப்பலேறிய இடம் இதுதான் என்றார். இறங்கினோம். இளைஞர் ஒருவர் குனிந்து நிற்க, இன்னொருவர் இரண்டு விரல்களைக் கத்தரியாக்கி அவர் தலையில் வைக்க, சிரிப்பும் படமுமாகச் சிறிது நேரம் போயிற்று. ஜெபித்தோம். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இப்படி ஓர் இடத்தைக் காட்டினால் ஏமாற்றம் வராமல் வேறு என்ன வரும்?

அப்படி ஒரு துறைமுகம் அங்கே ஏன் இருந்தது என்பதைப் பேருந்தில் எவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு நீண்ட நேரமும் ஆகாது. கிரேக்கப் பெருநிலத்தையும் தெற்கே உள்ள பெலொப்பொனேசையும் இணைப்பது ஒரு குறுகிய நிலப்பட்டை. அதன் மேற்கே கொரிந்து வளைகுடா, கிழக்கே சரோனிக் வளைகுடா. ஆசியாக் கரையிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்து, இத்தாலிக்குப் போகும் கப்பல் இந்த நிலப்பட்டையைத் தவிர்க்க வேண்டுமானால், தெற்கே வெகுதூரம் இறங்கி மலேயா முனையைச் சுற்றியாக வேண்டும். அந்த முனையின் காற்றுக்கு மாலுமிகள் அஞ்சினார்கள். மலேயாவைச் சுற்றப் போகிறவன் வீட்டை மறந்துவிடட்டும் என்று பழமொழியே வழங்கியதாகப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஆகவே ஒரு கரையில் சரக்கை இறக்கி, நிலத்தைக் கடத்தி, மறுகரையில் ஏற்றுவது வணிகர்களுக்கு ஆதாயமாயிற்று. கொரிந்து செல்வம் கொழித்ததற்கு இந்த இரட்டைத் துறைகளே காரணம் என்பதும் அவர் கூற்றுத்தான். மேற்குத் துறையான லெக்கையோன் நகரின் அடிவாரத்தில் இருந்தது. இத்தாலி வணிகம் அதன் வழியே நடந்தது. ஆசிய வணிகத்துக்கான கிழக்குத் துறை கெங்கிரேயா. நகரிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 70 ஸ்டாடியா (ஒரு ஸ்டாடியம் ஏறத்தாழ 185 மீட்டர்) என்று கணக்குச் சொல்லி, அதை ஓர் ஊராகவும் துறைமுகமாகவும் அவர் குறிக்கிறார். ஆசியாக் கரையிலிருந்த எபேசுவை நோக்கிப் புறப்பட்ட பவுல் நகரைவிட்டு அத்தனை தூரம் வந்து இந்தக் கரையில் நின்றதற்குக் காரணம் இந்த நிலவமைப்பு. இதைச் சொல்லாமல் வசனத்தை மட்டும் வாசித்தால், கேட்பவர்களுக்குக் கெங்கிரேயா வெறும் சவரக்கடையாகத்தான் மனத்தில் தங்கும்.

அந்த ஊரின் வயதையாவது சொல்லியிருக்கலாம். பவுலுக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய செய்திகளே எழுத்தில் இருக்கின்றன. கி.மு. 425இல் ஏதென்ஸ் படை கடல்வழியே வந்து கொரிந்தின் மண்ணில் இறங்கியபோது, கொரிந்தியர் தம் வீரர்களில் பாதிப் பேரைக் கெங்கிரேயாவில் காவலுக்கு நிறுத்திவிட்டு மீதிப் பேரோடுதான் போருக்குப் போனார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். கி.மு. 412இல் சியோஸ் தீவுக்கென 21 பெலொப்பொனேசியக் கப்பல்கள் பாய் விரித்ததும் இங்கிருந்துதான். கி.மு. 146இல் ரோமத் தளபதி மும்மியஸ் கொரிந்தைத் தரைமட்டமாக்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். இன்று கெங்கிரேயாவில் நீருக்குள் தெரியும் அலைதடுப்புகளும் பண்டகசாலைகளும் இந்த இரண்டாம் வாழ்வுக்கு உரியவை. அதற்கு முந்தைய கிரேக்கத் துறைமுகத்தின் தடங்கள் மிகச் சொற்பம்; படகுத்துறைகள் எங்கே இருந்தன என்று கைநீட்டிக் காட்டக்கூட ஆராய்ச்சியாளர்கள் தயங்குகிறார்கள். ஒரு நகரத்தின் வரலாறு தொலைந்துபோவது என்றால் என்ன என்பதை அந்தக் கரையைப் போல எளிதாக விளக்கும் இடம் நீங்கள் போகும் வழியில் வேறு இல்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவ்வழியே வந்த கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ், கண்டதை வரிசையாக எழுதிவைத்தார். துறையில் காதல் தெய்வமான அப்ரோடைட்டியின் கோயிலும் கற்சிலையும். அதற்கு அடுத்து, கடலுக்குள் நீண்ட அலைதடுப்பின்மேல் கடல் தெய்வமான பொசைடனின் வெண்கலச் சிலை. துறையின் மறுமுனையில் மருத்துவத் தெய்வமான அஸ்கிளெப்பியஸ், எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸ் ஆகியோரின் கோயில்கள். அதே நூற்றாண்டில், அந்தோனினஸ் பயஸ் பேரரசர் காலத்தில், கொரிந்தில் அடிக்கப்பட்ட நாணயம் ஒன்று இந்தத் துறையையே காட்டுகிறது: அரைவட்டமாக வளைந்த தூண் வரிசை, இரு முனைகளிலும் கோயில்கள், நடுவே ஒரு தெய்வ உருவம், கீழே கப்பல்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு, இன்றைய வளைந்த கரையைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். தண்ணீருக்குள் கிடக்கும் நாலு கல்லுக்கும் பொருள் வந்துவிடும்.

சொல்லாமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொன்னவற்றில் இரண்டை நான் பொறுக்கத் தயாராக இல்லை.

தெற்கு அலைதடுப்பின் அடியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளச் சுவர்கள் இருக்கின்றன. அவற்றைச் சுட்டிக்காட்டிய எங்கள் வழிகாட்டி, பவுல் கட்டிய சபை என்றார். இரண்டு மூன்று பேர் மண்டியிட்டு அந்தக் கல்லை முத்தமிட்டார்கள். அது பவுலுக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த பசிலிக்கா, அதாவது நீண்ட மண்டப வடிவத் தேவாலயம். பவுலின் காலத்தில் விசுவாசிகள் வீடுகளில் கூடினார்கள் என்பதை அவருடைய நிருபங்களை வாசிக்கும் எந்தப் போதகரும் அறிவார். முத்தமிட்டவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பக்தியிடம் பொய்யை நீட்டியவர் மேல்தான் என் வருத்தம்.

இரண்டாவது இதைவிடக் கடுமையானது. அருகிலேயே நீருக்குள் தெரிந்த அரைவட்டச் சுவரைக் காட்டி, இது விக்கிரகக் கோயில், கர்த்தர் கோபங்கொண்டு இதைக் கடலில் மூழ்கடித்தார் என்று சொல்லப்பட்டது. கெங்கிரேயாவைக் கடலுக்குள் இறக்கியவை நிலநடுக்கங்களும், அந்தப் பகுதியில் நிலம் மெல்லத் தாழ்ந்துவந்ததும் ஆகும். ரோமர் காலத் தரை இன்று ஏறத்தாழ இரண்டு மீட்டர் கீழே போயிருக்கிறது. அதே நிலத்தின்மேல்தான் அந்தத் தேவாலயமும் நின்றது; அதன் சுவர்களையும் அதே கடல்தான் அரித்துக்கொண்டிருக்கிறது. கோயில் மூழ்கியது கோபத்தால் என்றால், தேவாலயம் மூழ்கியது எதனால்? பேருந்தில் இதைக் கேட்டேன். அம்மா, நேரமாகிறது என்றார்கள்.

அந்த அரைவட்டச் சுவருக்குள் கிடைத்தது என்ன என்பதை உங்களில் யாராவது ஒருமுறையாவது பயணிகளுக்குச் சொல்லியிருந்தால், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்ற பேச்சே எழுந்திருக்காது. 1963 முதல் 1968 வரை சிகாகோ, இந்தியானா பல்கலைக்கழகங்களின் குழு, ராபர்ட் ஸ்கிரான்டனின் தலைமையில் இங்கே நிலத்திலும் நீருக்கடியிலும் அகழ்ந்தது. அரைவட்டச் சுவர் கொண்ட அந்தக் கட்டடத்தின் தரையில், சுவரோரமாகச் சாய்த்து அடுக்கப்பட்ட மரப்பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குள் கண்ணாடிப் படங்கள், நூற்றுக்கும் மேல். பல நிறக் கண்ணாடியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, பிசினும் கல்தூளும் சேர்ந்த சாந்தில் பதித்துச் செய்த சுவர்ப் பலகைகள் அவை. நைல் நதிக்கரையின் நாணலும் நீர்ப்பறவைகளும், மீன்கள், மாடங்கள் நிறைந்த துறைமுக நகரம், பெயர் பொறித்த ஹோமரும் பிளேட்டோவும் அவற்றில் இருந்தார்கள். எகிப்திலிருந்து, பெரும்பாலும் அலெக்சாந்திரியாவிலிருந்து, கப்பலில் வந்திருக்க வேண்டும். வந்தவற்றைப் பிரித்துச் சுவரில் பதிக்கும் முன்பே, 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலநடுக்கம் முந்திக்கொண்டது. பெட்டிகள் பெட்டிகளாகவே நீருக்குள் போயின.

உடையாமலிருக்கப் படங்களை இரண்டிரண்டாக, முகத்தோடு முகம் வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கவனமே வினையாயிற்று: நூற்றாண்டுகள் நீரில் கிடந்ததில் ஒரு படத்தின் முகம் மற்றொன்றின் முகத்தோடு ஒட்டிக்கொண்டது, கண்ணாடி அழுகி நிறம் மாறியது. அவற்றைப் பிரிப்பதும் படிப்பதும் அகழ்ந்தவர்களுக்கும் பாதுகாப்பாளர்களுக்கும் பெரும்பாடாக இருந்தது. ஈரத்திலேயே கிடந்ததால் மரமும் தந்தமும்கூட அந்தக் கட்டடத்தில் பிழைத்திருந்தன. கிரேக்க நிலத்தில் அது அபூர்வம். கண்ணாடிப் படங்களை நீங்கள் கால்வாய்ப் பாலத்திலிருந்து கெங்கிரேயாவுக்குப் போகும் வழியிலேயே, இஸ்த்மியா அருங்காட்சியகத்தில் காணலாம். நானும் மகனும் போனபோது அந்தக் கூடத்தில் எங்களைத் தவிர எவரும் இல்லை. ஒரு பலகையில் மீனின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியே வெட்டிய கண்ணாடி. பழுப்பும் சாம்பலுமாய் மங்கிப்போனாலும், மூக்கை ஒட்டிப் பார்த்தால் ஓரங்களில் பழைய நிறம் கசிவது தெரிகிறது. அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கடற்கரைக்குப் போனால், அந்த அரைவட்டச் சுவர் பேசத் தொடங்கிவிடும்.

அந்தக் கட்டடமே பவுசானியாஸ் சொன்ன ஐசிஸ் கோயில் என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள். அதை ஏற்காத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆனால் ஐசிஸ் வழிபாடு இந்த ஊரில் பெயர்பெற்றது என்பதில் ஐயமில்லை. 2ஆம் நூற்றாண்டில் அப்புலேயஸ் லத்தீனில் எழுதிய கதையில், கழுதையாக மாறிப்போன நாயகன் கொரிந்திலிருந்து ஓடிவந்து கெங்கிரேயாக் கடற்கரையில் படுத்துறங்குகிறான், விழித்ததும் கடலிலிருந்து எழும் முழுநிலவைக் கண்டு மன்றாடுகிறான், ஐசிஸ் தோன்றுகிறாள். மறுநாள், கடற்பயணப் பருவம் தொடங்கும் வேளையில் தெய்வத்துக்கு ஒரு கப்பலைக் கடலில் விடும் திருவிழாவில், பூசாரி கையிலிருந்த ரோஜாக்களைத் தின்று மனிதனாகிறான். அந்த ஊர்வலத்தில் வரும் ஆண் அடியார்கள் மழித்த தலையோடு வருகிறார்கள். பவுல் முடி எடுத்த அதே துறையில், மழித்த தலை இன்னொரு சமயத்தின் அடையாளமாகவும் இருந்தது. விரல் கத்தரி வைத்துப் படம் எடுத்தவர்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்த வசனத்தை இன்னும் சற்று நிதானமாக வாசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி பெபேயாளுக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியவள் அவள்தான்.

கொரிந்தில் நீங்கள் ஒரு கல்லைத் தவறாமல் காட்டுகிறீர்கள். அரங்கின் அருகே தரையில் பதிந்துள்ள அந்தக் கல்வெட்டில், எரஸ்து என்பவர் நகரப் பதவி பெற்றதற்கு ஈடாகத் தம் செலவில் அந்தத் தளத்தை அமைத்ததாக லத்தீனில் எழுதியிருக்கிறது. ரோமர் 16ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில் வரும் எரஸ்து இவரே என்று அழுத்தமாகச் சொல்கிறீர்கள். இருவரும் ஒருவரே என்பது முடிவான செய்தி அல்ல. ஆனாலும் அந்தக் கல்லைக் காட்டுவது நல்லதுதான். எனக்குப் புரியாதது, அதே 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இருப்பவளை நீங்கள் எப்படித் தாண்டிப் போகிறீர்கள் என்பது. அந்த அதிகாரத்தில் பவுல் பெயர் சொல்லும் எத்தனையோ பேருக்கு முன்னால் வருபவள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள். அவள் அநேகருக்கும் தமக்கும்கூட ஆதரவாயிருந்தவள் என்று பவுல் எழுதி, ரோமிலுள்ளவர்கள் அவளை ஏற்று, வேண்டிய உதவி செய்யக் கேட்டுக்கொள்கிறார். ரோமர் நிருபத்தை எடுத்துச் சென்றவளே அவள்தான் என்பது சபை மரபில் நெடுங்காலமாக நிலவும் கருத்து.

கெங்கிரேயா எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் பெபேயாள் எப்படிப்பட்டவள் என்று விளங்கும். காற்றுக்காகக் கப்பல்கள் காத்துக் கிடக்கும் துறையில், அந்நியர் வந்து இறங்குவதும் தங்குவதும் போவதும் அன்றாடம். அங்கே அநேகருக்கு ஆதரவாயிருப்பது என்றால் வீடும் பொருளும் ஊரில் சொல்வாக்கும் உள்ள பெண்ணாக அவள் இருந்திருக்க வேண்டும். ரோமுக்குப் போக அவள் பெரும்பாலும் நிலப்பட்டையைக் கடந்து லெக்கையோனில்தான் கப்பலேறியிருப்பாள். ஆசியக் கடலைப் பார்த்திருந்த ஊரிலிருந்து இத்தாலிக் கடலுக்கு ஒரு பெண் நடந்த அந்த வழியை நீங்கள் பேருந்தில் அரைமணி நேரத்தில் கடக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்வதில்லை.

எங்கள் குழுவில் பெண்களே அதிகம்; பெரும்பாலோர் தத்தம் சபைகளின் பெண்கள் சங்கத்தில் உழைப்பவர்கள், பலர் ஆண்டுக்கணக்கில் சேமித்து வந்தவர்கள். தூத்துக்குடி மாவட்ட நாசரேத்திலிருந்து வந்த ஓர் அம்மா பேருந்து கிளம்பியபின் என்னிடம் மெல்லக் கேட்டார்: "டீச்சர், பெபேயாள் ஊர் எப்ப வரும்?" வந்துவிட்டுப் போகிறோம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதாயிற்று.

துறைக்கு வடக்கே கூட்சோங்கிலா என்ற மேட்டில், பெபேயாளின் தலைமுறையிலிருந்து தொடங்கி அந்த ஊர்க்காரர்களைப் புதைத்த கல்லறைகள் உள்ளன. மென்பாறையைக் குடைந்து படிக்கட்டு வைத்த நிலவறைகள், எரித்த சாம்பல் வைக்க மாடக்குழிகள், உடலைக் கிடத்த நீளக்குழிகள், சிலவற்றில் வண்ணம் தீட்டிய சுவர்கள். கல்லறைத் திருடர்கள் புகுந்து கெடுத்தவை பல. எஞ்சியவற்றை 2002 முதல் ஜோசப் ரைஃப் தலைமையிலான குழு முறையாக ஆராய்ந்தது. அந்த மேட்டில் பயணிகளை ஏற்றுங்கள் என்று கேட்கமாட்டேன், முழங்கால் வலி எனக்கும் உண்டு. கீழே நின்று கையால் சுட்டிக்காட்டவாவது செய்யலாம்.

திருட்டைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். திரும்பும் வழியில், என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கைக்குட்டையை விரித்து ஓர் ஓட்டுத் துண்டைக் காட்டினார். வெளிப்புறம் விரலால் வரித்ததுபோல வரிவரியான பள்ளம். ஓர் ஓரத்தில் கைப்பிடி ஒட்டியிருந்த தழும்பு. உட்புறத்தில் காய்ந்த உப்பு. பவுல் காலத்துப் பானை, எடுத்துக்கொள்ளலாம் என்று அழைத்துவந்தவரே சொன்னார் என்றார். அப்படி வரியிட்ட சாடிகள் பெரும்பாலும் பவுலுக்கு மிகப் பிந்தியவை. அது கிடக்கட்டும். கிரேக்கச் சட்டப்படி தொல்பொருள் யாவும் அரசுக்கு உரியவை. அவற்றை எடுப்பதும் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்திருந்தால் நின்று பதில் சொல்ல வேண்டியவர், ஆங்கிலமும் சரளமாகப் பேசவராத அந்த அறுபத்தைந்து வயதுப் பெண்தான். எடுக்கச் சொன்னவர் வரிசையில் முன்னே போயிருப்பார். பேருந்துக்கு நாற்பது பேர், ஆளுக்கு ஒரு துண்டு, பருவத்துக்கு எத்தனை பேருந்து என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. கெங்கிரேயாவை வரும் பருவத்தின் நிரலில் மறுபடி சேருங்கள். ஏற்கெனவே அச்சிட்ட தாள்களுக்குத் திருத்தத்தாள் ஒன்றைச் சபைகளுக்கு அனுப்புங்கள். அதற்கென ஒரு முழுப் பிற்பகல் வேண்டும். கடைவீதிக்கு எடுத்த நேரமே போதும். ஏதென்ஸ் கடைகள் இரவிலும் திறந்திருக்கும். வயதானவர்களுக்குக் கழிவறை இல்லை என்ற கவலை நியாயமானது. அதைக் கால்வாய்ப் பாலத்துக் கடைகளிலேயே முடித்துக்கொண்டு கிளம்பலாம், இப்போதும் அப்படித்தான் செய்கிறோம். முதலில் இஸ்த்மியா அருங்காட்சியகம், பிறகு கடற்கரை என்ற வரிசையை மாற்றாதீர்கள். அருங்காட்சியகம் மூடும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

பவுல் கட்டிய தேவாலயம், கர்த்தர் மூழ்கடித்த கோயில் ஆகிய இரண்டு கதைகளையும் உங்கள் வழிகாட்டிகள் இனிச் சொல்லக் கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்துங்கள். கிரேக்க அரசின் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கெங்கிரேயாவுக்கும் அமர்த்தி, அவர் சொல்வதைத் தமிழாக்க ஒருவரை உடன் வையுங்கள். கொரிந்தில் அப்படிச் செய்கிற உங்களுக்கு இது புதிய செலவல்ல. துறையின் நில வரைபடமும், அந்த நாணயத்தின் படமும், பெபேயாளைப் பற்றிய குறிப்பும் கொண்ட இரண்டு பக்கத் தமிழ்க் கையேட்டை நான் ஊதியமின்றி எழுதித் தருகிறேன். தவறிருந்தால் திருத்தி அச்சிடும் பொறுப்பை ஏற்றால் போதும்.

ஓடு, கல், மணல் எதையும் எவரும் எடுக்கக் கூடாது என்பதைப் பேருந்தை விட்டு இறங்கும் முன்பே உரத்துச் சொல்லுங்கள். பயணப் பதிவுப் படிவத்திலும் அது ஒரு நிபந்தனையாக இருக்கட்டும்.

போதகர்களிடம் தனியாக ஒன்று. அந்தக் கரையில் அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தோடு ரோமர் 16ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களையும் வாசிக்கச் செய்யுங்கள். அதை வாசிக்கும்படி குழுவில் உள்ள ஒரு பெண்ணை அழையுங்கள்.

லெந்து நாட்கள் தொடங்கும்போதுதான் பெரும்பாலான சபைகளில் முன்பணம் கட்டுவார்கள். அதற்கு முன்பாக, கெங்கிரேயா நிரலில் உண்டா இல்லையா என்ற உங்கள் பதிலைச் சபைகளுக்குப் பகிரங்கமாகத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை